வைக்கோல் ஊறிய தண்ணீர்

ஒரு பிடி வைக்கோலைக் குளத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு ஜன்னலோரம் வைத்தேன். ஒரு வாரத்தில் மேலே மெல்லிய ஏடு கட்டி, வாடையும் அடித்தது. வீட்டில் கொட்டச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. அந்த ஏடே பாக்டீரியாக் கூட்டம். அதைத் தின்ன வருவதுதான் பாரமீசியம் என்னும் ஒற்றைச் செல் உயிர்.

நான் படித்த பள்ளியில் வகுப்புக்கே ஒரு நுண்ணோக்கி. வரிசையில் நின்று கண்ணை வைப்பதற்குள் 'அடுத்த ஆள்' என்பார்கள். என் இமையின் நிழல்தான் தெரிந்தது. அந்த ஏக்கம் வெகுநாள் இருந்தது.

இப்போது நுண்ணோக்கி கையில் இருக்கிறது. ஆனால் எடுத்த எடுப்பில் பெரிய லென்ஸைத் திருப்பக் கூடாது. 40 மடங்கில் தேடிப் பிடித்துவிட்டுத்தான் 400 மடங்குக்குப் போக வேண்டும். வெளிச்சத்தையும் குறைக்க வேண்டும். இந்த உயிர்களுக்கு நிறமில்லை. வெளிச்சம் கொட்டினால் கரைந்து போகும். கீழேயுள்ள துவாரத்தைச் சுருக்கினால் ஓரங்கள் துலங்கி வரும்.

அப்படித்தான் அன்று பாரமீசியம் கண்ணில் பட்டது. செருப்பின் அடிபோல ஓர் உடல், கால் மில்லிமீட்டர் இருக்கும். உருண்டுகொண்டே நீந்தியது. வைக்கோல் துணுக்கில் முட்டி, பின்வாங்கி, கொஞ்சம் திரும்பி மறுபடி கிளம்பியது. துரத்த ஸ்லைடை இடப்பக்கம் தள்ளினால் காட்சி வலப்பக்கம் ஓடுகிறது. கைக்குப் பழகச் சில நாளாகும். அடுத்த சொட்டில் பஞ்சு இழைகளைப் பிரித்துப் போட்டேன். இழைகளின் நடுவே ஒன்று மாட்டி நின்றது. அதன் உடலுக்குள் ஒரு குமிழி மெல்ல வீங்கி, சட்டென்று மூடியது. மறுபடி வீங்கியது. உள்ளே புகும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கிறது, இறைக்காவிட்டால் வெடித்துப்போகும். ஏற்றம் இறைப்பதைப் பார்ப்பதுபோல் நேரம் போனதே தெரியவில்லை.

இப்படி ஊறவைத்துப் பார்த்தவர் முன்பே ஒருவர் உண்டு. 1676-ல் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக், மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அறிய அதைத் தண்ணீரில் ஊறவைத்தார். காரத்தின் காரணம் கிடைக்கவில்லை. பாக்டீரியா கண்ணில் பட்டது. லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டி அவர் சொன்னதை எளிதில் நம்பவில்லை. மறு ஆண்டு விஞ்ஞானி ராபர்ட் ஹூக்கும் மிளகுத் தண்ணீரில் அவற்றைப் பார்த்த பிறகே ஏற்றுக்கொண்டது. லேவன்ஹூக்கிடம் இருந்தது ஒற்றை லென்ஸ்தான். அவசரமில்லாமல் பார்த்தார், அதுதான் பெரிது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி பீரோவில் நுண்ணோக்கி பூட்டிக் கிடந்தால் வெளியே எடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து நிமிடமாவது கொடுங்கள்.