இரண்டு மாதம் கழித்து

"கழுத்து நின்னுடுச்சா? குப்புற விழுந்தானா?" புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்டார்கள். அன்பாகத்தான். ஆறு மாதமாகியும் என் மகன் புரளவில்லை. பதில் சொல்லப் பயந்து அவனைக் கடற்கரைச் சாலைக்குக்கூடத் தூக்கிப் போகாமல் வீட்டிலேயே கிடந்தேன்.

அவன் 32 வாரத்தில் பிறந்தவன். "பொறந்த தேதியிலேர்ந்து எண்ணாதீங்கம்மா, டாக்டர் குறிச்ச தேதியிலேர்ந்து எண்ணுங்க" என்றார் பிசியோதெரபிஸ்ட். 40 வாரத்துக்கு 8 வாரம் குறைவு. ஆறில் இரண்டு போக நான்கு. நான்கு மாதப் பிள்ளை புரளாததற்கா அத்தனை அழுகை! இரண்டு வயது வரை இப்படிக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதி. பிள்ளைத்தமிழில் கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தும் செங்கீரைப் பருவம் ஐந்தாம் மாதம் வருகிறது. அது பத்து மாதம் வயிற்றில் இருந்த பிள்ளைக்கான கணக்கு.

கடைசி வாரங்களில் கருப்பையின் நெருக்கடியில்தான் குழந்தை கைகால் மடங்கிச் சுருண்டு கிடக்கிறது. என் மகன் அந்த வாரங்களைக் கண்ணாடிப் பெட்டியில் கழித்தான். தோள்கள் பின்னால் இழுத்தபடி, கைகள் இருபுறமும் விரிந்தே கிடக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து இரு கைகளையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்துப் பிடிக்கச் சொன்னார்கள். விழித்திருக்கும்போது என் மார்பின்மேல் குப்புறப் போட்டேன். முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்குவான். நடுங்கும், சரிந்துவிடும், மறுபடி தூக்குவான்.

மடியில் நிறுத்தினால் நுனிக்காலில் விறைத்து நிற்பான். "எவ்வளவு பலம் பாரு!" என்று அத்தை பூரித்துப்போய் வாக்கர் வாங்கித் தருவதாகச் சொன்னார். பிசியோதெரபிஸ்ட் வேண்டாமென்று தடுத்துவிட்டார். அந்த விறைப்பு பலமல்ல, கவனிக்க வேண்டிய ஒன்று என்றார். பிறகு மகனின் தொடைகளை விரித்து, பாதத்தை மடக்கிக் கோணம் பார்த்தார். அந்தச் சோதனையை வகுத்தவர் பாரிஸ் மருத்துவர் குளோடின் அமியல்-திசோன். எங்களுக்கு நல்லபடியாக, அந்த விறைப்பு மெல்லத் தளர்ந்தது.

எல்லாப் பிள்ளைக்கும் அப்படித் தளராது. அதனால் குறைமாதப் பிள்ளையின் தாய் யாரைக் கண்டாலும் விடாமல் சொல்கிறேன்: மாதத்தைக் கழித்த பிறகும் விரல்கள் எந்நேரமும் மூடியே இருந்தாலோ, கால்கள் கத்தரிபோல் பின்னினாலோ, ஒரு வயதுக்குள் ஒரே கையை மட்டும் பயன்படுத்தினாலோ, "தானா சரியாயிடும்" என்று காத்திருக்காதீர்கள். மூளை வேகமாக வளரும் காலம் அது. அந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.