ஓதம் ஏறிய சுவர்

தாராபுரம் மழை குறைந்த ஊர். இங்கே வீட்டுக்குள் ஓதமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அமராவதி வாய்க்காலை ஒட்டிய லைன் வீடுகளில் ஒரு கார்த்திகை மாதம் குடியிருந்தால் அப்படிக் கேட்கத் தோன்றாது. பள்ளத்து மண்ணில் கடைக்கால் போட்டு, ஓதம் தடுக்கும் பூச்சு ஏதும் இல்லாமல் சுவர் எழுப்பியிருப்பார்கள். மண்ணின் ஈரம் முழங்கால் உயரத்துக்கு ஏறி உப்புப் பூக்கும். பின்சுவரில் ஜன்னல் கிடையாது. மார்கழியில் உலை ஆவி சிமென்ட் ஷீட்டில் பட்டுக் குளிர்ந்து, விடிகாலையில் பாய்மேல் சொட்டும்.

அப்படியொரு வீட்டில்தான் நான் வளர்ந்தேன். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். பகலெல்லாம் பஞ்சுத்தூசி, இரவெல்லாம் பூசணம். இருமல் ஓயவே இல்லை. என் பள்ளிச் சீருடையிலும் அந்த வாடை வீசும். சிநேகிதர்கள் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. அந்த வெட்கத்தை இன்றுதான் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் அதே பகுதியில் தனியாக வசிக்கும் ஒரு பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். அவருக்கு இளைப்பு. தலைமாட்டுச் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூசணம். வீட்டுக்காரரிடம் பேசட்டுமா என்றேன். "வேண்டாங் கண்ணு. காலி பண்ணச் சொல்லிட்டா இந்த வாடகைக்கு நான் எங்க போவேன்?" என்றார். அட்வான்ஸ் கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட அவரிடம் இல்லை. சுவரைத் தொடுவதற்கு முன் அந்தப் பயத்தைப் போக்க வேண்டும் என்று அன்று புரிந்தது.

2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யச் சொல்கிறது. கட்டடப் பழுதும் வெள்ளையடிப்பும் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. அவர் மறுத்தால் குடியிருப்பவரே வேலையை முடித்து வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. தகராறு வந்தாலும் தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தக் கூடாது. கையில் ஒப்பந்தம் இல்லாதவர்களுக்கு இவ்வளவும் எட்டாக்கனி.

அதனால் லைனில் இருந்த எல்லாக் குடும்பங்களோடும் சேர்ந்தே வீட்டுக்காரரிடம் போனோம். ஒருவர் மட்டும் கேட்டால் அவரை அனுப்பிவிடலாம்; எல்லோரையும் அனுப்ப முடியாது. வீட்டுக்காரரும் அந்த வாடகையை நம்பிப் பிழைக்கிற முதியவர்தான். ஒவ்வொரு வீடாகச் செய்து தருகிறேன் என்று சம்மதித்தார். பெரியம்மா வீட்டில்தான் முதலில் பழைய பூச்சைக் கொத்தி எடுத்தார்கள். பின்சுவரில் ஒரு ஜன்னல் வைத்தார்கள். பிறகு எல்லோருக்கும் ஒப்பந்தம் எழுதினோம்.

பூசணத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் உயிரே போகலாம். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வாடகை வீட்டுப் பூசணமே காரணம் என்று 2022-ல் விசாரணை முடிவு சொன்னது. குழந்தையின் அப்பா பலமுறை முறையிட்டும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உங்கள் தெருவிலும் இருமிக்கொண்டே வாடகை கட்டுகிறவர்கள் இருப்பார்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று புத்தி சொல்வதோடு நிற்காதீர்கள். ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். அவர்களோடு வீட்டுக்காரர் வாசல்வரை நீங்களும் போங்கள்.