தளவானூர் குகையும் ரத்தான விமானமும்

செஞ்சி என்றதும் ராஜகிரிக் கோட்டைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதே வட்டாரத்தில், கோட்டையைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்த ஒரு குடைவரைக் கோயில் தளவானூர்க் குன்றில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. சத்துருமல்லன் என்ற தன் பட்டப்பெயரையே வைத்து, சத்துருமல்லேஸ்வராலயம் என்றான். தூண்களுக்கு மேலே மகர தோரணம், இரு ஓரங்களிலும் துவாரபாலகர்கள். சின்னக் கோயில்தான், ஆனால் லேசில் கிளம்ப மனம் வராது.

வெளியூர்க்காரர்கள் சென்னையில் இறங்கி, கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்து, திண்டிவனம் வழியாகச் செஞ்சிக்கு வரலாம். வெயில் தணிந்த கார்த்திகை, மார்கழிதான் குன்று ஏறத் தோது. புயலுக்கும் அந்த மாதங்கள்தான் பிடிக்கும்!

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலுக்காகச் சென்னை விமான நிலையத்தை நண்பகலில் மூடினார்கள். மறுநாள் அதிகாலையில் விமானங்கள் பறக்கத் தொடங்கின. ஆனால் மழை கொட்டித் தீர்த்தது விழுப்புரம் மாவட்டத்தில். மயிலத்தில் மட்டும் சுமார் 50 செ.மீ. டிசம்பர் 2-ல் விக்கிரவாண்டி அருகே பாலத்தைத் தொட்ட வெள்ளத்தால் ரயில்கள் நின்றன, அரசூரில் தேசிய நெடுஞ்சாலையே மூழ்கியது. அந்த நேரத்தில் இந்தப் பக்கம் வர டிக்கெட் எடுத்திருந்தவருக்குச் செலவு விமானத்தோடு முடிந்திருக்காது. சென்னையில் கூடுதல் ராத்திரி, டாக்ஸி, செஞ்சியில் முன்பணம் கட்டிய அறை என்று நீண்டிருக்கும்.

இதில் எது திரும்பக் கிடைக்கும்? புயலால் ரத்தானால் டிக்கெட் பணமோ மாற்று விமானமோ உண்டு, நஷ்டஈடு கிடையாது. தவறு விமான நிறுவனத்துடையது என்றால், முன்கூட்டியே சொல்லாமல் ரத்து செய்ததற்கு, பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை விதிகளில் இருக்கிறது. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தத் தொகைதான். அதனால் ரத்துக்கான காரணத்தை கவுன்ட்டரிலேயே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டுக்கும் பணம் திருப்பும் பொறுப்பு விமான நிறுவனத்துக்குத்தான். ஏஜென்டைக் கை காட்டினால் விட்டுவிடாதீர்கள்.

2025 டிசம்பரில் புயலே தேவைப்படவில்லை. விமானிகளின் ஓய்வு நேர விதி மாறியதைச் சமாளிக்க முடியாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. மற்ற நிறுவனங்களின் கட்டணம் எகிற, 500 கி.மீ. வரை 7,500 ரூபாய், 1,500 கி.மீ.க்கு மேல் 18,000 ரூபாய் என அரசு உச்சவரம்பு போட்டது. தவித்துப்போன பெட்டிகளை 48 மணி நேரத்தில் வீட்டில் சேர்க்கவும் உத்தரவிட்டது.

பெட்டி விஷயத்தில் அவசரம் ஆகாது. உள்ளே போட்ட லக்கேஜ் கைக்கு வராமல் நிலையத்தைவிட்டு வெளியேறாதீர்கள். வரவில்லையென்றால் அங்கேயே புகார் படிவம் நிரப்பி நகல் வாங்குங்கள். டேக் துண்டைத் தொலைக்காதீர்கள். வெளிநாட்டுப் பயணமானால், சேதத்துக்குப் பெட்டி கிடைத்த 7 நாளிலும், தாமதத்துக்கு 21 நாளிலும் எழுத்தில் புகார் தர வேண்டும். மாத்திரையும் ஒரு மாற்றுடையும் கைப்பையில் இருக்கட்டும்.

திரும்பும் நாளன்று தளவானூரை வைத்துக்கொள்ள வேண்டாம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் எழுப்பியதாக மகேந்திரன் கல்வெட்டில் சொல்லிக்கொண்ட மண்டகப்பட்டும் இதே பக்கம்தான். இரண்டையும் முன்னதாகவே பார்த்துவிட்டு, விமானத்துக்கு முதல் நாள் இரவே தாம்பரம் பக்கம் வந்து தங்கிவிடுங்கள்.