பனி இல்லாவிட்டால் என்ன, கரிசல் இருக்கிறதே!



சென்ற செமஸ்டரில் ஒருநாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பீரியட். பாதி வகுப்பு கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிக்கொண்டிருந்தது. டயரும் பிரேக்கும் பற்றிப் பாடம். சார் திடீரென்று ஒரு கேள்வி போட்டார்.

"பனி கொட்டுற நாட்டில், பின்சக்கரத்தால் ஓடுற கார் வைத்திருக்கிறவர்கள் குளிர்காலம் வந்தால் டிக்கியில் மணல் மூட்டை ஏற்றுவது உண்டு. ஏன்?"

"வீடு கட்டப் போறாங்க சார்!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஃப்ரிட்ஜில் தவிர வேறெங்கும் நான் பனியைப் பார்த்ததில்லை. ஆனால் விடை எனக்குத் தெரியும். எங்கள் தாத்தா அதே காரணத்துக்காகத் தன் காரின் டிக்கியில் சோள மூட்டை ஏற்றிய மனுஷர். அந்த மூட்டையின் அருமை தெரியாமல் ஓட்டி, ஓர் உயிர் போகக் காரணமானவன் நான். அதைத்தான் இந்த ஆண்டு மலரில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. தாத்தா செகண்ட் ஹேண்டில் வாங்கிய இரண்டு கதவு வண்டி. அப்பா மெக்கானிக் என்பதால் இன்னும் ஓடுகிறது. இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த கார் இது. வடிவம் கொடுத்தவர் ஜியோவானி மிக்கலோட்டி என்ற இத்தாலிக்காரர். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி இதைத் தயாரித்தது. 948 சி.சி. எஞ்சின். பானெட்டைத் தூக்கினால் இரண்டு மட்கார்டும் சேர்ந்து மூஞ்சி முழுக்க முன்பக்கம் கவிழும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். இதே ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஆக, எங்கள் வண்டி ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குக் கூடப்பிறந்த அண்ணன்! இதைச் சொல்லிச் சொல்லியே கேண்டீனில் எனக்கு 'ஸ்பிட்ஃபயர்' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது.

பெருமை எல்லாம் சரி. ஆனால் இந்த வண்டிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எஞ்சின் முன்னால், ஓட்டம் பின்சக்கரத்தில். பின்பக்க ஆக்சில் ஒரே உருளை அல்ல. டிஃபரன்ஷியலின் இரு பக்கமும் இரண்டு கை போல மேலும் கீழும் ஆடும். குறுக்கே ஒரு லீஃப் ஸ்பிரிங், அவ்வளவுதான். வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் பாரம் முன்னால் போய்விடும். பின்பக்கம் எழும்பும். பின்சக்கரங்கள் காலை மடக்குகிற மாதிரி உள்ளே மடங்கும். டயரின் ஓரம் மட்டும்தான் அப்போது ரோட்டில் இருக்கும். அப்புறம் வால் எங்கே போகும் என்று வண்டிக்கே தெரியாது. 1972-இல் இதே கம்பெனி கொண்டுவந்த கெஸல் காரில் இந்த ஆக்சிலை மாற்றி, சாதாரண ஒரே ஆக்சில் வைத்தார்கள் என்பதிலிருந்தே நீங்கள் புரிந்துகொள்ளலாம்.

இது எதுவும் அன்று எனக்குத் தெரியாது.

நான் ஐ.டி.ஐ. முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவன். லைசென்ஸ் வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஐப்பசி மாதம். பல வாரங்களாக ஒரு சொட்டு மழை இல்லை. ஊரில் பாட்டிக்கு மருந்து கொடுத்துவிட்டு வா என்று அப்பா சாவியைக் கொடுத்தார். திருமங்கலம் தாண்டி டி.கல்லுப்பட்டி ரோட்டில் போகிறபோது மழை பிடித்தது. மண்வாசனை! ஜன்னலை இறக்கிவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு போனேன். முதல் மழையின் முதல் பத்துப் பதினைந்து நிமிஷம்தான் ரோடு மோசமாக வழுக்கும் நேரம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பல வாரமாகச் சேர்ந்த ஆயிலும் தூசியும் டயர் ரப்பர்ப் பொடியும் தண்ணீரோடு குழைந்து, ரோட்டுக்கு எண்ணெய் தேய்த்த மாதிரி ஆகியிருக்கும். மழை நன்றாகப் பெய்து கழுவிவிட்டால்தான் கொஞ்சம் பரவாயில்லை.

ஒரு வளைவு. வேகம் ஐம்பதுக்கு மேல். பாதி வளைவில் பயம் வந்தது. ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டேன். கூடவே பிரேக்கையும் மிதித்தேன். அடுத்த நிமிஷம் கண்ணாடிக்கு எதிரே நான் வந்த ரோடு தெரிந்தது! வண்டி முழுச்சுற்று சுற்றி, தார் ரோட்டை விட்டு இறங்கி, ஒரு புளியமரத்துக்கு முன்னால் நின்றது. டொப் என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

அந்த மரத்தடியில் ஒரு பெரியவர் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தார். கையில் ஐந்து வயது இருக்கும் பேத்தி. சுற்றி வெள்ளாடுகள். காரின் பின் பம்பருக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவே இரண்டு முழம் இடைவெளி. ஒரு குட்டி ஆடு பின்சக்கரத்தின் அடியில் கிடந்தது.

இறங்கினேன். கால் நடுங்கியது. பெரியவர் கத்துவார், அடிப்பார் என்று நினைத்தேன். அவர் முதலில் கேட்டது, "உனக்கு அடிகிடி பட்டுச்சா தம்பி?"

அப்பா பைக்கில் வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியவரிடம் போய், "ஐயா, என்ன விலைன்னு சொல்லுங்க, குடுத்துர்றேன்" என்றார். பெரியவர் ஒரு தொகை சொன்னார், நியாயமான தொகை. பணத்தை எண்ணி மடியில் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஆட்டுக்கு விலை சொல்லிட்டேன் தம்பி. பிள்ளைக்கு என்னத்தச் சொல்லுவேன்?"

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் நான் அந்தச் சாவியைத் தொடவில்லை. ராத்திரி கண்ணை மூடினால் அந்த இரண்டு முழம்தான் தெரியும். டிபார்ட்மெண்ட் மாறிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு, "ஏறுடா" என்றார். ஊர்க் கண்மாயில், தண்ணீர் இன்னும் ஏறாத மேட்டுப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். சுற்றிலும் சேறு, வெட்டவெளி. ஆள், ஆடு, மரம் ஒன்றும் இல்லை. என்னை ஸ்டியரிங்கில் உட்காரச் சொன்னார். பதினைந்து கிலோமீட்டர் வேகத்திலேயே வண்டியை வேண்டுமென்றே சறுக்கவிட்டோம். வால் இடது பக்கம் போனால் ஸ்டியரிங்கையும் இடது பக்கமே ஒடிக்க வேண்டும். கண் மட்டும் போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். பிரேக்கைத் தொடக்கூடாது. ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடவும் கூடாது, அமுக்கவும் கூடாது.

"பைய... பைய மிதிடா. தூங்குற பிள்ளைய தொட்டில்ல போடுறாப்புல மிதி."

மதியம் வரப்பில் உட்கார்ந்து சாப்பிடும்போது அப்பா சொன்னது என் டிப்ளமோவில் படித்த எதற்கும் குறையாத பாடம். "டயரோட பிடிமானம்ங்கறது பையில இருக்கிற காசுடா. மொத்தமே பத்து ரூவாதான். திரும்புறதுக்கு எட்டு ரூவா செலவழிச்சா, பிரேக்குக்கு ரெண்டு ரூவாதான் மிச்சம். மழை பேஞ்சா அந்தப் பத்து அஞ்சாயிரும். நீ அன்னைக்கி அஞ்சு ரூவாய வச்சுக்கிட்டுப் பதினஞ்சு ரூவாக்குச் செலவு பண்ணுன."

பின்னாளில் சார் 'உராய்வு வட்டம்' நடத்தியபோது நான் அசந்துபோனேன். அப்பா சொன்ன அதே கணக்கு! ஒரே வித்தியாசம், வட்டத்தின் கணக்குப்படி எட்டு போனால் ஆறு மிச்சம் இருக்கும். வீட்டுக்குப் போய் இதை அப்பாவிடம் சொன்னேன். "சரி, அந்த நாலு ரூவாய செலவழிக்காம பையிலயே வச்சுக்க" என்று முடித்துவிட்டார்.

நீங்களும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால், காய்ந்த தார் ரோட்டில் (உராய்வுக் கெழு சுமார் 0.7) வண்டி நிற்க 14 மீட்டர் வேண்டும். ஈர ரோட்டில் (0.4) 25 மீட்டர். இறுகிய பனியில் (0.2) 49 மீட்டர். வெறும் ஐஸில் (0.1) 98 மீட்டர், அதாவது நம் டவுன் பஸ் எட்டை வரிசையாக நிறுத்திய நீளம்! இது போக, கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போகும் நேரத்தில் ஓடும் தூரம் தனி.

இனி மூட்டை விஷயம். எங்கள் ஊர்ப் பாதை இரண்டு கிலோமீட்டருக்குக் கரிசல். சிவில் நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஈரம் பட்டால் உப்பி, களிம்பாகி, டயரின் காடியை எல்லாம் அடைத்துக்கொள்ளும். டயர் வழவழவென்று ஆகி, நின்ற இடத்திலேயே சுற்றும். ஹெரால்டில் எஞ்சின் பாரம் முன்சக்கரத்தில், தள்ள வேண்டியதோ பின்சக்கரம். அதனால்தான் தாத்தா பின்னால் இரண்டு சோள மூட்டை ஏற்றினார். பாரம் கூடினால் பிடிமானம் கூடும். இந்த வண்டியில் இன்னொரு லாபமும் உண்டு. பின்பக்கம் அமுங்கும்போது அந்தச் சக்கரங்கள் உள்ளே மடங்காமல் காலை அகட்டி நிற்கும். ஆனால் மூட்டையை டிக்கியின் கடைசியில் வைக்கக்கூடாது. பின்சீட்டை ஒட்டி, ஆக்சிலுக்கு மேலாக வைத்து, நகராமல் கட்ட வேண்டும். கடைசியில் வைத்தால் அதுவே வாலை வீசிவிடும். சக்கரம் புதைந்தால் அடியில் பனை ஓலை போடுவார்களாம். நமக்குப் பனி இல்லை, பனை உண்டு!

1983-இல் மாருதி 800 வந்த பிறகு, எஞ்சினும் முன்னால், ஓட்டமும் முன்சக்கரத்தில் என்ற கார்கள் நம்மிடம் பெருகின. எஞ்சின் பாரமே ஓட்டும் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொள்வதால் மூட்டைக்கு வேலை இல்லை. அதனால்தான் வகுப்பில் அந்தக் கேள்விக்கு எல்லோரும் சிரித்தார்கள்.

டொரண்டோவில் இருக்கும் என் அத்தை மகன் பின்சக்கர ஓட்டமுள்ள இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறான். முதல் குளிர்காலத்தில் சாதாரண டயரோடு ஓட்டி, சிக்னலில் நிற்காமல் சறுக்கிப்போய் நடைமேடையில் முட்டினானாம். வீடியோவில் பேசும்போது அவன் சொன்னதும் அப்பா சொன்னதேதான். "மூட்டையை விட டயர்தான்டா முக்கியம். ஏழு டிகிரிக்குக் கீழே போனால் சாதா டயர் ரப்பர் விறைச்சுரும். குளிர்கால டயர் மெதுவாவே இருக்கும், பனியைக் கவ்வும். அதையும் நாலு சக்கரத்துக்கும் மாத்தணும். பின்னால மட்டும் மாத்தினா வண்டி கிளம்பும், திரும்பாது." பக்கத்து கியூபெக் மாகாணத்தில் குளிர்காலத்துக்குத் தனி டயர் போட வேண்டும் என்று 2008 முதல் சட்டமே இருக்கிறதாம். கடைசியாக அவன் சொன்னது: "செகண்ட் கியர்ல கிளம்பு. எல்லாத்தையும் பையப் பண்ணு." பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தும் அந்த மதுரை வார்த்தை அவனை விட்டுப் போகவில்லை!

மார்கழியில் பாட்டிக்குக் கண்புரை ஆபரேஷன். ராத்திரி முழுக்க மழை. காலை ஏழு மணிக்கு ஊரிலிருந்து கிளம்பினால்தான் மதுரைக்கு நேரத்தில் போக முடியும். அப்பா இரண்டு மூட்டையைக் கட்டினார். கட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். நான்தான் ஓட்ட வேண்டும் என்று அர்த்தம்.

செகண்ட் கியர். கிளட்சைப் பைய விட்டேன். சக்கரம் லேசாகச் சுற்றியது, அப்புறம் கவ்வியது. இரண்டு கிலோமீட்டர் கரிசலைத் தாண்ட இருபது நிமிஷம் ஆனது. இரண்டு முறை வால் நழுவியது. இரண்டு முறையும் கை தானாக அந்தப் பக்கம் ஒடித்தது. பின்சீட்டில் பாட்டி, "ஏய்யா, மாட்டு வண்டி இதைவிட வெரசாப் போகுமே" என்றார். அப்பா சிரித்தார். அந்த மாதங்களில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

தார் ரோட்டில் அந்த வளைவு வந்தது. அதே புளியமரம். அடியில் அதே பெரியவர், ஆடுகள், பேத்தி. நான் வளைவுக்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்து, இருபதில்தான் வந்தேன். பெரியவர் வண்டியை அடையாளம் கண்டுகொண்டார். கை தூக்கி ஒரு கும்பிடு போட்டார். போட்டுவிட்டு, பிள்ளையை இழுத்து மரத்துக்குப் பின்னால் நிறுத்தினார்.

எனக்கு நெஞ்சில் ஏதோ குத்தியது. ஆனால் அவர் செய்தது சரிதான்.

தோழர்களே, டிப்ளமோ முடித்து நம்மில் பல பேர் ஷெட்டிலும் டிரான்ஸ்போர்ட்டிலும் வேலைக்குப் போவோம். டாடா ஏஸ், பொலிரோ பிக்கப், லாரி எல்லாம் பின்சக்கரத்தால் ஓடுகிறவைதான். லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது, முதல் மழை பெய்தால், உங்கள் பின்பக்கம் லேசாக இருக்கும் என்பதை மறக்காதீர்கள். அந்த வளைவுக்கு அப்பால் ஒரு புளியமரம் இருக்கும். அதன் அடியில் யாரோ மழைக்கு ஒதுங்கி நிற்பார்கள்.

பையப் போங்கள்!

— மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல்