ஸ்டியரிங்கை யாரிடம் கொடுப்பது?

வீடியோ கேமில் கார் ரேஸ் என்றால் பொதுவாக மூன்று சுற்று, ஐந்து நிமிடம், அவ்வளவுதான். தோற்றால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துக்கொள்ளலாம். ஆனால் 24 மணி நேர ரேஸ் என்று ஒன்று உண்டு. பேருக்குத்தான் 24 மணி நேரம் என்று நினைத்துவிட வேண்டாம். நிஜமாகவே சுவர்க்கடிகாரத்தின் சின்ன முள் இரண்டு முறை சுற்றி வரும் வரை ஓட்டியாக வேண்டும்.

பிளேஸ்டேஷன் 2-க்காக 2004 டிசம்பரில் ஜப்பானிலும், 2005 தொடக்கத்தில் மற்ற நாடுகளிலும் வெளிவந்த கிரான் டூரிஸ்மோ 4-ல் இந்த ரேஸ் இருந்தது. பிரான்சின் லு மான் ட்ராக்கில் ஓட்டலாம், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கிலும் ஓட்டலாம். நடுவில் சேவ் செய்ய வழி கிடையாது. ஆரம்பித்தால் முடிக்க வேண்டும், இல்லை என்றால் எல்லாம் போச்சு.

தனி ஒரு ஆள் இதை எப்படி முடிப்பது? சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், வீட்டில் சீரியல் நேரத்துக்கு டிவியை விட்டுக்கொடுக்க வேண்டும். இதற்காகத்தான் அந்த கேமை உருவாக்கியவர்கள் பி-ஸ்பெக் என்று ஒன்றை வைத்தார்கள். ஆட்டக்காரர் தானே ஓட்டினால் அது ஏ-ஸ்பெக். ஸ்டியரிங்கை கம்ப்யூட்டர் டிரைவரிடம் கொடுத்துவிட்டு, டீம் மேனேஜர் போல வெளியே உட்கார்ந்து உத்தரவு போட்டால் அது பி-ஸ்பெக். மெதுவாகப் போ, வேகமாகப் போ என்று ஐந்து நிலைகளில் சொல்லலாம். முன்னால் போகிறவனை முந்து என்று சொல்லலாம். பிட்டுக்கு வா என்று கூப்பிடலாம். பிட்டில் கார் நிற்கும்போது ஆள் மாறிக்கொள்ளலாம். பி-ஸ்பெக்கில் நேரத்தை மூன்று மடங்கு வேகத்தில் ஓட விடும் வசதியும் இருந்ததால், முழுவதையும் அவனிடமே விட்டால் 24 மணி நேரம் எட்டு மணி நேரமாகச் சுருங்கிவிடும்.

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இந்த ரேஸை முடிப்பதற்கு இன்னொரு தடையும் இருந்தது: கரண்ட். 2008-லிருந்து சில வருடங்கள் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பதை யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2012-ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத ஊர்கள் இருந்தன. நடுவில் சேவ் செய்ய முடியாத கேமில், பதினெட்டாவது மணி நேரத்தில் கரண்ட் போனால் என்ன ஆகும்? கம்ப்யூட்டர் டிரைவர் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் மின்சார வாரியத்தோடு போட்டி போட முடியாது :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த பி-ஸ்பெக்கைப் பற்றி ரேஸ் கேம் ஆடுகிறவர்கள் நடுவில் ஒரு பழைய சண்டை உண்டு. பாதி ரேஸை கம்ப்யூட்டர் ஓட்டி ஜெயித்தால் அது யாருடைய வெற்றி? "பொம்மை டிரைவரை ஓட்ட விட்டு நீ தூங்கப் போனாய், இதில் என்ன பெருமை?" என்பது ஒரு கட்சி. "ஓட்டினது அவன், ஜெயிக்க வைத்தது நான்" என்பது இன்னொரு கட்சி.

கேள்வி சின்னப் பிள்ளைத்தனமாகத் தெரியலாம். ஆனால் நிஜ ரேஸிலும் இதே கேள்வி இருந்திருக்கிறது, இருக்கிறது.

லு மான் 24 மணி நேர ரேஸ் 1923-ல் தொடங்கியது. ஒரு காரை ஒருவருக்கு மேற்பட்டவர்கள் மாறி மாறி ஓட்டுவதுதான் வழக்கம். ஆனாலும் அந்தக் காலத்தில் சிலருக்கு அடுத்தவரிடம் காரைக் கொடுக்க மனசே வராது. 1950-ல் லூயி ரோசியே என்ற பிரெஞ்சுக்காரர் இரண்டே இரண்டு சுற்றுகளை மட்டும் மகனுக்குக் கொடுத்துவிட்டு, மீதி முழுவதையும் தானே ஓட்டி ஜெயித்தார். 1952-ல் பியர் லெவே அதற்கும் மேலே போனார். கூட்டாளி டிரைவர் ரெனே மர்ஷான் பிட்டில் தயாராகக் காத்திருந்தும், லெவே இறங்கவே இல்லை. பல சுற்றுகள் முன்னிலையில் இருந்தார். கிட்டத்தட்ட 23 மணி நேரம் ஓட்டிய பிறகு, ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் பாக்கி என்ற நிலையில் என்ஜின் உடைந்தது. மெர்சிடிஸ் ஜெயித்தது. களைப்பில் கியரைத் தப்பாகப் போட்டுவிட்டார் என்பார்கள். என்ஜினில் முன்பே கோளாறு இருந்தது, அதைப் பக்குவமாக ஓட்டத் தன்னால் மட்டும்தான் முடியும் என்று நம்பியே அவர் இறங்கவில்லை என்றும் சொல்வார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். தன்னால் மட்டும்தான் முடியும் என்று நினைக்கிறவர்தான் களைத்துப்போகும் வரை இறங்காமல் இருப்பார்.

இன்றைக்கு லு மானில் அப்படி ஓட்ட நினைத்தாலும் விட மாட்டார்கள். ஆறு மணி நேரத்துக்குள் ஒருவர் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, மொத்தமாக 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி.

நம்ம ஊர்க்காரர்கள் கதைக்கு வருவோம். 2009-ல் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் கோலஸ் அணியின் ஆடி காரில் லு மானுக்குப் போனார். ரேஸ் ஆரம்பிப்பதற்கு முன் பிட் சுவரில் கீழே விழுந்து தோள்பட்டை விலகிவிட்டது. மூன்று பேர் ஓட்ட வேண்டிய காரை ஆந்த்ரே லாட்டரரும் சார்லஸ் ஸ்வால்ஸ்மனும் இரண்டே பேராக ஓட்டி ஏழாவது இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று வருடம் கழித்து, 2012-ல், சென்னை கருண் சந்தோக் டேவிட் பிராபம், பீட்டர் டம்பிரெக் இருவரோடு சேர்ந்து ஓட்டி ஆறாவதாக வந்தார். லு மானில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். அந்த ஆறாவது இடத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கருணுடையது என்று யாராவது கணக்கு போடுகிறார்களா? இல்லை. மூன்று பேருக்கும் முழுசாக ஆறாவது இடம்தான்.

எல்லோருக்கும் தெரிந்த கதை அஜித்குமாருடையது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸுக்குத் தன் பெயரிலேயே அணியோடு போனார். ரேஸுக்கு சில நாள் முன்பு பயிற்சியில் கார் தடுப்பில் மோதிச் சுற்றிய வீடியோவை தமிழ்நாடே பார்த்தது. அடிபடாமல் தப்பினார். ஆனால் அதற்குப் பிறகு அவர் எடுத்த முடிவுதான் இங்கே முக்கியம். 24 மணி நேர ரேஸ் நீண்டது, அணியின் நலன் பெரியது என்று, தன் அணியின் அந்த போர்ஷே காரை ஓட்டுவதிலிருந்து விலகிக்கொண்டார். சக டிரைவர்கள் ஓட்டினார்கள், அந்தக் கார் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அவர் வேறொரு அணியின் ஜிடி4 காரில் ஓட்டினார். கொடியோடு அவர் கொண்டாடியதைப் பார்த்து, 'நீங்கள்தான் அந்தக் காரை ஓட்டவில்லையே' என்று ரசிகர்கள் கேட்கவில்லை. சரியான நேரத்தில் இறங்கியதும் அந்த மூன்றாம் இடத்துக்குள் இருக்கிறது என்பது பார்த்தவர்களுக்குப் புரிந்தது.

இவர்கள் எல்லாம் மனிதர்களிடம் கொடுத்தார்கள், இயந்திரத்திடம் கொடுப்பது வேறு என்று சிலர் சொல்லலாம். அதற்கு பாலாற்றங்கரையிலேயே பதில் இருக்கிறது.

ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை எந்த டேனரிக்குப் போனாலும் பெரிய டிரம்கள் சுற்றிக்கொண்டிருக்கும். குரோம் முறையில் தோல் பதனிடும்போது மணிக்கணக்கில், சில சமயம் ராத்திரி முழுக்க, டிரம் தானாகச் சுற்றும். வேலையைச் செய்வது டிரம்மும் ரசாயனமும்தான். ஆனால் அனுபவமுள்ள மேஸ்திரி ஒரு தோலை எடுத்து, கனமான இடமாகப் பார்த்து ஓரத்தை வெட்டிப் பார்ப்பார். நீலம் நடு வரைக்கும் இறங்கியிருக்கிறதா? இறங்கியிருந்தால் அடுத்த கட்டம். இல்லை என்றால் இன்னும் சுற்றட்டும். அவசரப்பட்டு அடுத்த சரக்கைப் போட்டால் மேல்தோல் மட்டும் பதப்பட்டு உள்ளே பச்சையாக நிற்கும். அந்தத் தோலை நல்ல தோலாக்கியது டிரம்மா, மேஸ்திரியா? டேனரியில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. தோல் கெட்டுப்போனால் மட்டும் யாரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்!

பி.காம் படிக்கிறவர்களுக்கு இது பாடத்திலேயே வரும். 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 182-வது பிரிவு முகவர் யார், முதல்வர் யார் என்று சொல்கிறது. 226-வது பிரிவு, முகவர் மூலம் செய்த ஒப்பந்தம் முதல்வரே நேரில் செய்தது போலவே கட்டுப்படுத்தும் என்கிறது. அதாவது ஆளை வைத்துச் செய்தாலும் பொறுப்பு உன்னுடையதுதான். லாபம் வந்தால் என்னுடையது, நஷ்டம் வந்தால் அவனுடையது என்று சொல்ல முடியாது. பி-ஸ்பெக்கை வைத்து ஜெயித்ததைச் சொல்லிக்கொள்கிறவர், அதே டிரைவர் சுவரில் மோதும்போது "முட்டாள் கம்ப்யூட்டர்" என்று திட்டினால் நியாயம் இல்லை. ஐந்தாவது நிலையில் விரட்டியது யார்? டயர் தேய்ந்த பிறகும் பிட்டுக்குக் கூப்பிடாதது யார்?

கிரான் டூரிஸ்மோ 4 இந்தக் கணக்கை அழகாகவே எழுதி வைத்தது. பரிசுப் பணமும் பரிசுக் காரும் எப்படி ஜெயித்தாலும் உண்டு. ஆனால் ஏ-ஸ்பெக் புள்ளிகள் தானே ஓட்டினால்தான். பி-ஸ்பெக் டிரைவருக்கு அவனுடைய திறமைக்குத் தனிப் புள்ளிகள். ஓட ஓட அவன் தேறுவான். வெற்றி ஒன்று, பேரேடு இரண்டு. சண்டை போட்ட இரண்டு கட்சிக்கும் அதில் பதில் இருக்கிறது. ரேஸ் உன்னுடையதுதான், ஆனால் கை உன்னுடையது அல்ல.

2010-ல் வந்த கிரான் டூரிஸ்மோ 5 இதைக் கொஞ்சம் கெடுத்தது. அதில் பி-ஸ்பெக் டிரைவர்களுக்குப் பெயர், குணம் எல்லாம் வந்தன. களைப்பார்கள், பதற்றப்படுவார்கள், தப்பு செய்வார்கள். ஆனால் பி-ஸ்பெக் தனி, ஏ-ஸ்பெக் தனி என்று பிரித்துவிட்டார்கள். ஒரே ரேஸில் பாதி நீ, பாதி அவன் என்ற சுகம் போய்விட்டது. 2022-ல் கிரான் டூரிஸ்மோ 7 வந்தபோது பி-ஸ்பெக்கே இல்லை.

ஆனால் அதே 2022-ல் இன்னொரு செய்தி வந்தது. சோனி ஏஐ உருவாக்கிய ஜிடி சோஃபி, கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டில் உலகத்தின் முன்னணி ஆட்டக்காரர்களை வென்றது பற்றிய கட்டுரை பிப்ரவரியில் நேச்சர் இதழில் வெளியானது. 2021 ஜூலையில் நடந்த முதல் அணிப் போட்டியில் மனிதர்கள்தான் ஜெயித்தார்கள். அக்டோபரில் சோஃபி ஜெயித்துவிட்டது. மூன்று மாதம்தான் இடைவெளி. வேகமாக ஓட்டக் கற்றதோடு, அடுத்தவர் காரை இடிக்காமல் நாகரிகமாக ஓட்டவும் அதற்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

இங்கேதான் கேள்வி திரும்புகிறது. பழைய பி-ஸ்பெக் டிரைவர் சுமார்தான். மெதுவாகப் போகிற காரின் பின்னால் மாட்டிக்கொண்டு சுற்றுக்கணக்கில் நிற்பான். பார்க்கிறவருக்கு எரிச்சல் வரும். தூக்கம் வருகிறது, பசிக்கிறது என்பதால்தான் அவனிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்தார்கள். எழுந்து வந்ததும் வாங்கிக்கொண்டார்கள். நாளைக்குப் பக்கத்தில் உட்காருகிறவன் சோஃபி மாதிரி ஒருவன் என்றால், தூங்கி எழுந்த பிறகு திருப்பி வாங்க என்ன காரணம் இருக்கிறது? வாங்கினால் ரேஸ் தோற்கும், வாங்காவிட்டால் ஜெயிக்கும். கேமில் மட்டுமா இது? கணக்கு எழுதுவது, பில் சரிபார்ப்பது, தோலில் வடு இருக்கும் இடம் பார்த்து வெட்டுவது என்று இந்த ஊரில் பிள்ளைகள் படித்தும் பழகியும் கற்றுக்கொள்ளும் எல்லா வேலைக்கும் இது வரும்.

லெவே மாதிரி இறங்கவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பது பதில் ஆகாது, அதன் முடிவைப் பார்த்தாயிற்று. முழுசாகக் கொடுத்துவிட்டுத் தூங்கிவிடுவதும் பதில் ஆகாது. வெட்டிப் பார்க்கத் தெரியாத மேஸ்திரிக்கு டிரம் சுற்றினால் என்ன, நின்றால் என்ன? நீலம் இறங்கியதா என்று பார்க்கத் தெரிய வேண்டும் என்றால், அவர் பல வருடம் கையால் தோலைத் தொட்டிருக்க வேண்டும். நடுவில் டயர் தேய்ந்திருக்கிறது என்று பி-ஸ்பெக் டிரைவருக்கு முன்பே கண்டுபிடிப்பவர், அதே ட்ராக்கில் தானும் நூறு சுற்று ஓட்டியவராகத்தான் இருப்பார்.

ஆகவே 24 மணி நேரத்தில் சில மணி நேரமாவது, தோற்றாலும் பரவாயில்லை என்று, ஸ்டியரிங்கைக் கையில் வாங்கி ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த மணி நேரங்களில் இடம் ஒன்றிரண்டு கீழே போகலாம். மீதி நேரம் அடுத்தவனை நம்பி விடுவதற்கான தகுதி அங்கேதான் கிடைக்கிறது.