சத்தம் அடங்கிய துவக்கு

குருமண்வெளித் துறையில் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறி மட்டக்களப்பு வாவியைக் கடந்தால் மண்டூர். முருகன் கோயிலால் பேர்பெற்ற இந்தப் படுவான்கரை ஊரில் நான் தேடிப் போனது, தண்ணீர்ப் பம்பு திருத்தும் ஒருவரை. வயல் வட்டையில் வேலை குறைந்த நாட்களில் அவர் கை வைப்பது காற்றுத் துவக்கில்.

சிலிண்டரில் 200 பார் அளவுக்கு முன்கூட்டியே காற்றை அடைத்து வைக்கும் வகை அது. மோட்டார் சைக்கிள் டயரில் இருக்கும் அழுத்தம் வெறும் 2 பார்தான். அதனால் திருகாணியைத் தொடுமுன் காற்று முழுவதையும் வெளியேற்றிவிடுகிறார். உள்ளே சாதாரண எண்ணெய் ஒரு துளியும் படவிடமாட்டார்; அத்தனை அழுத்தத்தில் எண்ணெய் பற்றிக்கொள்ளும். ஓ-ரிங்குகளுக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டும்.

வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது பவர். அவர் பார்ப்பது வேறு. விசையை இழுத்ததும் ஸ்பிரிங் தள்ளும் ஹாமர் வால்வைத் தட்டுகிறது. கண்ணிமைப்பதற்குள் வால்வு திறந்து மூடுகிறது. ஸ்பிரிங்கை இறுக்க இறுக்க ஈயக்குண்டின் வேகம் ஏறும். ஓர் எல்லைக்கு மேல் ஏறாது. அதற்குப் பிறகும் இறுக்கினால், குண்டு குழலை விட்டுப் போன பின்னும் காற்று பின்னால் பாய்ந்து வெடிக்கும். வேகமானியை வைத்து அந்த எல்லையைக் கண்டுபிடித்து, அதிலிருந்து சற்றே தளர்த்துகிறார். வேகம் கொஞ்சம் குறையும். சத்தம் நன்றாகவே இறங்கும். ஒரு நிரப்பலுக்குக் கூடுதல் வெடிகளும் கிடைக்கும். குண்டு ஒலியின் வேகத்தை, அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றரைத் தாண்டினாலும் சத்தம்தான், குறியும் கெடும்.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கிண்ணத்தில் தங்கம் வென்றது 10 மீற்றர் காற்றுத் துவக்குப் போட்டியில். அந்தப் போட்டித் துவக்குகளின் குண்டுகள் வினாடிக்கு 170 மீற்றர் அளவில்தான் பறக்கின்றன. பத்துப் புள்ளிக்குரிய இடமோ அரை மில்லிமீற்றர். பவரை மட்டும் கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

பட்டறைக்கு வந்திருந்த முதியவர் ஒருவருக்குச் சத்தத்தைக் குறைப்பதில் உடன்பாடில்லை. குரங்கும் மயிலும் படுத்தும் பாடு அவருக்கு. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு, ஐந்து நிமிடம் இந்த விலங்குகளை எண்ணும்படி அரசாங்கமே நாடு முழுவதையும் கேட்டதல்லவா!

“சத்தம் கேட்டாத்தானே மகன் குரங்கு ஓடும்?”

“அதுக்கு வெடி கொளுத்துங்க பெரியப்பா. ராவையில துவக்குச் சத்தம் கேட்டா ஊரே பதறும்.”

முதியவர் மறுபேச்சுப் பேசவில்லை. 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி போருக்குள் கிடந்தது. வெடியோசை கேட்டதும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஓடியவர்கள் இன்னும் இங்கேதான் குடியிருக்கிறார்கள். இந்தத் தொழிலின் உயர்ந்த பகுதி சத்தத்தை அடக்குவதுதான் என்று அந்தப் பட்டறையில் நின்றபோது எனக்கு உறுதியானது.

சத்தம் குறைந்தாலும் அது துவக்குத்தான். உரிய அனுமதி இல்லாமல் வைத்திருக்காதீர்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டவிடாதீர்கள். சிலிண்டரில் கீறலோ நசுங்கலோ கண்டால் அதில் மறுபடி காற்று நிரப்பாதீர்கள்.