டப்பாவின் பின்பக்கம்

மன்னார்குடியைத் தாண்டித் திருத்துறைப்பூண்டி போகும் சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை கிடையாது, வாசலில் சாய்த்து வைத்திருக்கும், சேற்றுழவுக்கு டிராக்டரில் மாட்டும் துருப்பிடித்த கேஜ் வீல்தான் அடையாளம். நான் போனது மே மாதக் கடைசி வாரம். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கும் என்ற எதிர்பார்ப்பில், குறுவைச் சேற்றுழவுக்கு முன் ஆயில் மாற்றிக்கொள்ள ஐந்து டிராக்டர்கள் வரிசையில் நின்றன.

மெக்கானிக்குக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. முதல் வண்டியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் சம்ப்பின் அடி நட்டைக் கழற்றினார். சூட்டில் இளகிய எண்ணெய்தான் அடியில் தங்கிய கரியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும். தார் நிறத்தில் அது வழிவதைப் பார்த்துப் புதிதாகச் சேர்ந்திருந்த உதவியாள் முகம் சுளித்தார்.

"கறுத்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார் மெக்கானிக். "கறுக்காம இருந்தாதான் பயம்."

டீசல் எரியும்போது உண்டாகும் கரித்துகள் ரிங்குகளைத் தாண்டி எண்ணெயில் கலக்கும். எண்ணெயில் சேர்த்திருக்கும் மருந்துகள் அதைக் கட்டி தட்டவிடாமல் மிதக்க வைக்கின்றன. அதனால் வரும் கறுப்புக்கு அவர் அஞ்சுவதில்லை. அவர் அஞ்சுவது வேறு இரண்டுக்கு. டிப் ராடை இழுக்கும்போது எண்ணெய் பால் கலந்த தேநீர் மாதிரி இருந்தால், ரேடியேட்டர் தண்ணீர் லைனர் வழியாகவோ கேஸ்கெட் வழியாகவோ உள்ளே இறங்குகிறது. ஊற்றாமலே அளவு ஏறி டீசல் வாடை அடித்தால், எரியாத டீசல் சம்ப்பில் சேர்கிறது. எந்த உயர்ந்த எண்ணெயை வாங்கி ஊற்றினாலும் இந்த இரண்டுக்கும் மருந்தாகாது.

இரண்டாவது வண்டிக்காரர் சொந்தமாகவே எண்ணெய் வாங்கி வந்திருந்தார். பைக்குக்கு ஊற்றுகிற எண்ணெய், எட்டு டப்பாக்கள்.

"20-40 தானேண்ணே? ரெண்டுலயும் ஒரே நம்பர்."

"நம்பரு சரி தம்பி. எழுத்தைப் பாரு." டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைக் கறுத்த விரலால் தொட்டுக் காட்டினார்.

எண் சொல்வது எண்ணெயின் பிசுப்பை மட்டும். எஸ்ஏஇ அளவுமுறையில் 40 என்றால், 100 டிகிரி சூட்டில் அதன் பிசுப்பு 12.5 சென்டிஸ்டோக்குக்குக் குறையாமலும் 16.3-ஐ எட்டாமலும் இருக்க வேண்டும். முன்னால் வரும் 15டபிள்யூ, 20டபிள்யூ குளிருக்கானவை. 15டபிள்யூவைச் சோதிப்பது பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில். 20டபிள்யூவைப் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில். மார்கழி விடியலிலும் தண்ணீர் உறையாத மன்னார்குடியில் ஸ்டார்ட் எடுக்க இந்த வித்தியாசம் பெரிதல்ல. அந்த எண்ணெய் எந்த எஞ்சினுக்கானது என்பதைச் சொல்வது எழுத்து. ஏபிஐ தர வரிசையில் 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல், 'சி' என்று தொடங்கினால் டீசல். சிஎஃப்-4 வந்தது 1990-ல், சிஐ-4 2002-ல், சிகே-4 2016 இறுதியில். கரியைத் தாங்கும் சக்தி ஒவ்வொரு படியிலும் கூடியிருக்கிறது. பைக் எண்ணெய், எண்ணெயிலேயே ஊறிக் கிடக்கும் கிளட்ச் வழுக்காமல் இருக்கவென்று தயாரானது. நாள் முழுக்க ரோட்டவேட்டர் இழுக்கும் எஞ்சினின் கரியைச் சுமக்க அல்ல.

எட்டு டப்பாக்களும் சாக்குக்குள் திரும்பிப் போயின.

அடுத்து வந்த பெரியவரின் வண்டி புகை கக்கியது. அவருக்கு 50 வேண்டும். "கெட்டியா ஊத்துனா புகை நிக்கும்ல?" டெல்டாவில் இது பழைய நம்பிக்கை. தேய்ந்த ரிங்குகளின் இடுக்கைக் கெட்டி எண்ணெய் சில நாள் மறைக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் அது ஸ்டார்ட் ஆனதும் மேலே வால்வு ராக்கர் வரை போய்ச் சேரத் தாமதமாகும். அந்த நேரத்தில் இரும்பும் இரும்பும் உரசும். மெக்கானிக் வாதாடவில்லை. நேராக ஏர் கிளீனர் கிண்ணத்தைக் கழற்றினார். பழைய வண்டிகளில் காற்று எண்ணெய்க் குளியல் வழியாகத்தான் உள்ளே போகும். கிண்ணத்தின் அடியில் இரண்டு விரல் கனத்துக்குச் சேறு. புழுதியிலிருக்கும் மணல் துகள், லைனரை உப்புத்தாள் போலத் தேய்க்கும்.

"புகைக்குக் காரணம் இங்க இருக்கு, ஐயா. இதைக் கழுவி எத்தன நாளாச்சு?"

பெரியவர் வேறு பக்கம் பார்த்தார்.

கடைசியாக நின்றது 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது வண்டி. 2023 ஜனவரி 1-ல் இந்த வகை டிராக்டர்களுக்கு டிரெம்-4 புகை விதி நடைமுறைக்கு வந்தது. டீசல் பீய்ச்சுவதைக் கணினி கவனிக்கிறது. புகைக்குழாயில் கரி வடிகட்டி பொருத்திய எஞ்சின் என்றால், சாம்பல் குறைவாக விடும் சிஜே-4, சிகே-4 போன்றவைதான் ஒத்துவரும். பழைய வகை எண்ணெயின் சாம்பல் வடிகட்டியை அடைத்துவிடும். இந்த வண்டிக்கு மட்டும் மெக்கானிக் தன் அனுபவத்தை நம்பவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்த கையேட்டை எடுக்கச் சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பக்கத்தைத் தேடி வாசித்தார்.

வடித்த எண்ணெய் மூலையிலிருந்த பேரலுக்குப் போயிற்று. அதில் ஒரு டின் மட்டும் கேஜ் வீலுக்குத் துரு ஏறாமல் பூச எடுத்து வைக்கப்பட்டது.

பைக் எண்ணெய் கொண்டு வந்தவரின் வண்டிக்குப் புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் எண்ணெய் தடவி, கையாலேயே முறுக்கி இறுக்கினார். ஏழு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஊற்றி, டிப் ராடின் இரண்டு கோடுகளுக்கு நடுவே வந்ததும் நிறுத்தினார். மணி மீட்டர் 3,180 காட்டியது. கையேட்டுக் கணக்கில் அடுத்த மாற்றம் 250 மணிக்குப் பிறகு. மட்கார்டின் உள்பக்கம் வெள்ளைப் பெயின்டில் பழைய எண்ணை அடித்துவிட்டு, 3,430 என்று எழுதினார்.

"சேத்துல ஓட்டுனா அதுக்கும் முன்னாடியே வா, தம்பி."

வண்டி சாலையேறியபோது பெயின்ட் இன்னும் காயவில்லை.